விளையாடச் சொன்ன நாள்

பீற்றிஸ் டீச்சர் இறந்த மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி வந்திருந்தது. சிறுவர் கல்விக்காகத் தன்னை அர்ப்பணித்தவர், அமைதியும் பணிவும் மிக்கவர் என்று அதில் இருந்தது. எழுதியவர் அவரை ஒரு நாளும் கண்டிருக்க மாட்டார். நான் அவரோடு நான்கு வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். பணிவை ஒரு தடவையும் காணவில்லை. அமைதியைக் கண்டது இப்போதுதான், பெட்டிக்குள்.

யாராவது சரியாக எழுத வேண்டும். அவருடைய கணவர் டொமினிக் அண்ணனால் முடியாது. அவர் தன் ஓட்டோவை வாசலில் நிறுத்தி வைத்து, காலையிலிருந்து அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஓடாத ஓட்டோவில் என்ன ஊத்தை வரும்? ஆகவே நான் எழுதுகிறேன்.

டீச்சர் தன்னாமுனையில் பிறந்தவர். கல்யாணம் முடித்துக் கடற்கரைப் பக்கம் போய், அங்கே மாதா கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை நடத்தினார். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் வந்தது. வீடும் மண்டபமும் போயின. அவர்களுடைய ஒரே மகள் மதுஷாவும் போனாள். மற்றப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தவள், புதுச் செருப்பு வீட்டுக்குள் கிடக்கிறது என்று திரும்பி ஓடினாள். அதைக் கண்ட பிள்ளைகள் பிழைத்தார்கள்.

பிழைத்தவர்களுக்குத் தன்னாமுனைக்குக் கிட்ட வாவிக் கரையில் முகாம் போட்டார்கள். மட்டக்களப்பு நகரத்தில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் அங்கே சிறுவர்களுக்கென ஒரு கூடாரம் அடித்து, டீச்சரை அதற்குப் பொறுப்பாக வைத்தது. நான் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கு உதவியாளராக என்னைச் சேர்த்தார்கள்.

நான் போன முதல் நாள் கூடாரத்துக்குள் பந்துகளும் வர்ணப் பென்சில்களும் உறை பிரிக்காமல் கிடந்தன. பிள்ளைகள் வெளியே மணலில் நின்றார்கள். ஒரு பகுதி கைகோத்து வரிசையாக நின்று, 'ஊ' என்று கத்திக்கொண்டு ஓடி வந்தது. அது கடல். மற்றப் பகுதி சட்டி பானையைப் போட்டுவிட்டு ஓடியது. அது ஊர். பிடிபட்டவர்கள் மணலில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் பாதியில் நின்று, "என்ட செருப்பு!" என்று கத்தித் திரும்பி ஓடினாள். அதற்குப் பிறகுதான் சண்டை தொடங்கியது.

"நேத்தும் நீதானே மதுஷா! இண்டைக்கு நான்!" என்றாள் நிருஷா என்ற பிள்ளை.

"உனக்குச் சாகத் தெரியா. நீ விழுந்து கிடந்து சிரிக்கிறாய்" என்றான் ரதீஸ்.

"நீ மட்டும்? செத்துப் போய்க் காலைச் சொறிஞ்சவன்!"

நான் டீச்சரின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நின்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கிட்டப் போனார்.

"ஆளுக்கொரு நாள் எண்டு வையுங்க. அதுக்காகச் சண்டை புடிக்கப்புடாது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு கூடாரத்தின் மறுபக்கம் போய் நின்றார். நான் பின்னால் போகவில்லை.

நிறுவனத்தின் இணைப்பாளர் உதயரூபன் என்ற இளைஞர் ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் யார் என்ன சொன்னாலும் அதைக் கொண்டுவந்து இறக்குகிறவர்.

"அக்கா, வெளிநாட்டு ஆலோசகர் பார்த்திட்டுப் போனவ. இந்த விளையாட்டை உடனே நிப்பாட்டச் சொல்றா. புள்ளையளிட மனசுக்குக் கூடாதாம். பந்து குடுக்கச் சொல்றா."

"குடுத்தன் தம்பி. வேணாம் எண்டாங்க."

"நீங்க சொல்லிக் குடுத்தா விளையாடுவாங்க."

"சொல்லிக் குடுத்தா அது பாடம். அதுக்குப் பள்ளிக்கூடம் இரிக்கு. இந்தக் கூடாரத்தில என்ன விளையாடுறதெண்டு புள்ளையள்தான் சொல்லணும். நானுமில்ல, நீங்களுமில்ல, உங்கட ஆலோசகருமில்ல."

அவர் தன் வாழ்க்கையில் வைத்திருந்த ஒரே சட்டம் அதுதான். பிறகு வந்த எல்லாச் சண்டையும் அதற்காகத்தான்.

உதயரூபன் போன பிறகு தாய்மார் வந்தார்கள். முன்னுக்கு நின்றவள் ஆச்சிப்பிள்ளை. புருசனையும் இரண்டு ஆண் பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவள். மிஞ்சியவன் ரதீஸ் மட்டும்.

"நாங்க கடல் எண்டு வாயால சொல்லப் பயந்து கிடக்கம். நீ புள்ளையளை வைச்சு அதைக் கூப்பிடுறாய் என்ன?"

"உங்கட ஊரில நோய் வந்தா, மழை இல்லாட்டி நீங்க என்ன செய்யிற? கொம்பு இழுக்கிறீங்கதானே? பெரியாக்கள் விளையாடினா அது அம்மனுக்கு. புள்ளையள் விளையாடினா மட்டும் கூடாதா?"

"வேதக்காரி, நீ எங்கட கொம்பைப் பத்திக் கதைக்காத!" என்றுவிட்டு ஆச்சிப்பிள்ளை போய்விட்டாள். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்பார்கள்.

கொம்பு விளையாட்டை எங்கள் பகுதியார் அறிவார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணகி அம்மன் கோயிலில், ஊர் வடசேரி தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும்வரை கயிறு கட்டி இழுப்பார்கள். அந்த நாட்களில் ஒரு சேரியார் மறு சேரியாரை எப்படியும் ஏசலாம். புருசன் பெண்சாதியை ஏசலாம், மருமகன் மாமனை ஏசலாம். யாரும் கோபிக்கக் கூடாது.

டீச்சர் சொன்னது தாய்மாரின் காதில் ஏறவில்லை. ஆனால் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கடல் வடசேரி ஆனது, ஊர் தென்சேரி ஆனது. நடுவில் ஒரு கயிறு வந்தது. ஊர்ப் பக்கம் நின்ற பிள்ளைகள் கடலைப் பார்த்து, "ஊத்தைக் கடலே! பண்டிக் கடலே!" என்று ஏசினார்கள்.

மகனை இழுத்துக்கொண்டு போக வந்த ஆச்சிப்பிள்ளை கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. விளையாட்டையல்ல, அந்த ஏச்சை.

"இதென்னடா ஏச்சு? கொம்புக்கு இப்பிடியா ஏசுற? தள்ளு அங்கால!"

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைகோத்து நின்ற பிள்ளைகளுக்கு மேலால், கடல் இருந்த திசையைப் பார்த்துத் தொடங்கினாள்.

"ஏய் உப்புத் தண்ணி! தென்னை உயரத்துக்கு எழும்பி வந்தியே, மறுகா என்னத்துக்குடி கிறுகித் திரும்பி ஓடினாய்? ஆம்பிளையள் இல்லாத வீட்டுக்குள்ள பூந்து பானையக் களவெடுத்த நாசமறுவாளே! நாளைக்கும் உன்னைத்தான் அள்ளிக் காய்ச்சி என்ட கறிக்குள்ள போடுவன். திண்டு போட்டு ஏப்பமும் விடுவன்!"

பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். அதற்குப் பிறகு அவள் ஏசியதை அச்சில் போட முடியாது. அன்றைக்கு முகாமில் இருந்த பெண்கள் முழுப்பேரும் வந்து முறைவைத்து ஏசினார்கள். சிலர் ஏசும்போதே அழுதார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து ஆச்சிப்பிள்ளை பிள்ளைகளோடு தானும் வந்து நின்றாள்.

விளையாட்டை நிறுத்தவில்லை என்று நிறுவனம் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போனது. டொமினிக் அண்ணன் நான்கு மூலைக்கும் மரம் தறித்து நட்டு, மேலே தகரம் போட்டு ஒரு மடுவம் கட்டினார். பெரிய கொட்டிலை நாங்கள் மடுவம் என்போம். டீச்சர் அதையே பெயராக வைத்துச் சங்கம் பதியப் போனார். நானும் போனேன்.

"சங்கத்தின்ட நோக்கம் என்ன?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்.

"விளையாட்டு."

"அதால புள்ளையள் என்ன அடைவாங்க?"

"விளையாடுவாங்க."

"அம்மா, நான் எழுதுறதுக்கு ஏதாவது சொல்லுங்க."

"சரி. கல்வி எண்டும் எழுதுங்க. அது தானா வரும்."

அது தானாகத்தான் வந்தது. இரண்டாயிரத்து ஏழில் வடக்கே வாகரைப் பக்கம் சண்டை நடந்து, கதிரவெளி ஆட்கள் நடந்தும் தோணியிலும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் முகாமுக்குப் பக்கத்தில் இன்னொரு முகாம் முளைத்தது. அந்தப் பிள்ளைகள் கடல் விளையாடவில்லை. அவர்கள் வழியெல்லாம் பார்த்து வந்தது சென்றியை, துப்பாக்கியோடு ஆட்களை மறித்துச் சோதிக்கும் காவலைத்தான். ஆகவே சென்றி விளையாடினார்கள். இரண்டு பேர் தடியோடு நிற்க, மற்றவர்கள் வரிசையில் வந்து சட்டையைத் தூக்கிக் காட்டி, அடையாள அட்டையை நீட்ட வேண்டும். பூவரசம் இலைதான் அட்டை. கம்சாயினி என்ற பிள்ளை அதைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"இதென்ன, வெறும் இலை? பேர் எங்க?" என்று காவலுக்கு நின்ற ரதீஸ் அதட்டினான்.

"எனக்கு எழுதத் தெரியா."

"பேர் இல்லாட்டி விட ஏலா. அங்கால போய் இரு."

கம்சாயினிக்கு எட்டு வயது. ஒன்றரை வருடமாகப் பள்ளிக்கூடம் கிடையாது. அவள் அழுதுகொண்டு வந்து டீச்சரிடம் ஈர்க்கு ஒன்றை நீட்டினாள். டீச்சர் மணலில் அவளுடைய பெயரை எழுதிக் காட்டினார். பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்து இலையில் கீறினாள். இலை கிழியக் கிழிய வேறு இலை பறித்தாள். அன்று பின்னேரம் சென்றியைத் தாண்டிவிட்டாள். பிறகு எல்லாருக்கும் அட்டை வேண்டியதாயிற்று. தகப்பன் பெயர், ஊர்ப் பெயர், பிறந்த திகதி. பூவரசு மொட்டையாகியது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எங்கள் பிள்ளைகள் எழுதுவதைக் கண்டு, "ஆரு படிப்பிச்ச?" என்று கேட்டார்கள். ரதீஸ், "நான்தான்" என்றான்.

தெருவால் போகிற துப்பாக்கிக்காரர்களும் இந்த விளையாட்டைக் கண்டார்கள். அவர்கள் யார், எந்தப் பக்கத்தார் என்று பெயர் சொல்லும் வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. ஒருவர் சிரித்துக்கொண்டு போனார். இன்னொருவர் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம், கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது, எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம், உதயரூபன் மறுபடி வந்தார். இப்போது அவர் வேறொரு அலுவலகத்தில் வேலை செய்தார்.

"அக்கா, அரசாங்கத்தில பெரியவர் ஒருவர் வாறார். சீசோ, சறுக்குப் பலகை எல்லாம் அன்பளிப்பு. புள்ளையள் விளையாடுறதை போட்டோ எடுப்பாங்க. இந்த நிலம் அரசாங்க நிலம் எண்டு உங்களுக்குத் தெரியும். அவர் நினைச்சா உங்கட பேருக்கே எழுதித் தருவார். ஆனா அந்தச் சென்றி விளையாட்டு..."

"என்ன அதுக்கு?"

"அது இனி வேணாமாம்."

"சீசோவக் கொண்டு வரச் சொல்லுங்க. புள்ளையளுக்கு விருப்பமெண்டா ஏறுவாங்க."

உதயரூபன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனார். டீச்சர் சொன்னது சம்மதமில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாள் வந்தது. நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்றைத் தாய்மார் செய்துவிட்டார்கள். பெரிய மனிதர் வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் பிள்ளைகளை எப்படி நிறுத்துவார்களோ அப்படி நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் வழிய வழியத் தலை இழுத்து, முகத்துக்குப் பவுடர் பூசி, பெருநாளுக்கும் திருவிழாவுக்கும் வைத்திருந்த சட்டையைப் போட்டு, கையைக் கட்டி வரிசையாக இருத்தியிருந்தார்கள். எங்கள் ஊரில் பிள்ளையின் மரியாதை என்றால் அசையாமல் இருப்பதுதான்.

"சட்டை ஊத்தையாச்சோ, தோலை உரிப்பன்" என்று ஆச்சிப்பிள்ளை ரதீஸிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

பெரியவர் நாடாவை வெட்டினார். கமராக்காரர்கள் முன்னுக்கு வந்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் சொன்னதை உதயரூபன் சொன்னார்.

"இப்ப விளையாடுங்க புள்ளையள்!"

ஒரு பிள்ளையும் அசையவில்லை.

"வெக்கப்படாதீங்க. விளையாடுங்க!"

கட்டிய கை கட்டியபடி இருந்தார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டு கம்சாயினியைத் தூக்கிச் சீசோவின் ஒரு பக்கத்தில் வைத்தார். மறு பக்கம் ஏற ஆளில்லை. அவளுடைய பக்கம் நிலத்தில் கிடந்தது. அதிலேயும் அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அவர் மறு முனையைத் தன் கையால் அமத்தினார். பிள்ளை மேலே போனாள், கீழே வந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. கமராக்கள் அடித்தன. அவருடைய சிரிப்பு மெல்ல மெல்லப் போய்விட்டது.

"இறங்குறியா மனே?" என்று டீச்சர் கேட்டார்.

"ஓம்" என்று இறங்கி, அவள் சட்டையைத் தட்டிவிட்டு வரிசையில் போய் இருந்தாள். பெரியவர் ஏதோ சொன்னார். அதை உதயரூபன் தமிழில் சொல்லவில்லை.

மறுநாள் உதயரூபன் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார்.

"அக்கா, நீங்கதான் சொல்லிக் குடுத்து இருத்தின எண்டு நினைக்கிறார். மடுவத்தைக் கழட்டச் சொல்லிட்டார். நான் காலில விழாக்குறையா நிண்டன். சட்டைதான் காரணம் எண்டு ஒரு சொல் சொல்லுங்க. தாய்மார் வெருட்டி வைச்சாங்க, புள்ளையள் பயந்திட்டாங்க எண்டு. உண்மைதானே அக்கா!"

டீச்சர் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"நேத்து ஏன் விளையாடல்ல?"

"உம்மா அடிப்பாவே" என்றான் ரதீஸ். அவன் தாயை விளையாட்டுக்கு முஸ்லிம் பிள்ளைகளைப் போல அப்படித்தான் கூப்பிடுவான், வாய்க்கொழுப்பு.

"எனக்கு விருப்பமில்ல. அந்த மாமா விளையாடு விளையாடு எண்டு சொல்லிக்கிட்டே நிண்டார்" என்றாள் நிருஷா.

"எனக்குச் சட்டையும்தான், விருப்பமும் இல்ல" என்றாள் கம்சாயினி.

டீச்சர் உதயரூபனைப் பார்த்தார். "கேட்டியா தம்பி? இதில எதைப் போய்ச் சொல்லுவாய்?"

"சட்டைய. அதைச் சொன்னாக் காணும். ஞாயிற்றுக்கிழமை மறுகா வருவார். பழைய சட்டையோட வரட்டும். பத்து நிமிசம் விளையாடினாப் போதும்."

"விளையாடப் போறது நானா? புள்ளையளிட்டக் கேள்."

உதயரூபன் உண்மையாகவே கேட்டார். காற்சட்டையை இழுத்துவிட்டுக் குந்தி இருந்து, பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கேட்டார். நிருஷா யோசித்தாள்.

"நாங்க சென்றி விளையாடலாமா?"

"அது ஏலா மகள்."

"அப்ப இதுவும் ஏலா."

அவர் சிரித்துவிட்டார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு எழும்பினார்.

அன்று தாய்மார் வந்து டீச்சரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆச்சிப்பிள்ளை குரலை உயர்த்தாமல் கதைத்ததை நான் அன்றுதான் கேட்டேன். "பிழை எங்கடதான் கா. சட்டை போடாமலே விட்டிருக்கலாம். ஆனா மடுவம் போனா இதுகள் எங்க போற? நீ சொன்னாக் கேட்கும். ஒரு சொல் சொல்லன்."

அவர்கள் போன பிறகு டீச்சர் மடுவத்தின் ஒரு மரத்தோடு சாய்ந்து இருந்தார். முகம் வேர்த்திருந்தது.

"நான் ஒரு சொல் சொன்னா விளையாடுவாங்க பிள்ளை" என்றார் என்னிடம். "எனக்காகச் சிரிச்சுக்கிட்டு விளையாடுவாங்க. அதுதான் எனக்குப் பயமா இரிக்கு."

"இந்த ஒரு தடவை மட்டும், டீச்சர்" என்றேன் நான்.

"செத்துப் போன என்ட புள்ளைய அதுகள் விளையாடேக்க நான் வாயைத் திறக்கல்ல. அதைவிடவா இந்தத் தகரம்?"

ஞாயிற்றுக்கிழமை அவர் பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம்போல வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வாவிக்கு நண்டு பிடிக்கப் போய்விட்டார்கள். வாகனம் வந்தபோது மடுவத்தில் டீச்சர் மட்டும் நின்றார். வந்தவர்கள் வெறும் சீசோவைப் பார்த்தார்கள்.

"புள்ளையள் எங்க?"

"விளையாடப் போயிட்டாங்க."

மறுநாள் லொறி வந்து, தகரத்தைக் கழற்றி, மரங்களைப் பிடுங்கி, சீசோவையும் சறுக்குப் பலகையையும் ஏற்றிக்கொண்டு போனது. டொமினிக் அண்ணன் தான் நட்ட மரங்களைப் பிடுங்க வந்தவர்களுக்கு, "அசைச்சு அசைச்சு இழுங்க, ஆழமா நட்டது" என்று சொல்லிக்கொண்டு நின்றார். தாய்மார் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அன்று அவர்கள் யாரையும் ஏசவில்லை. ஏசக்கூடிய ஆளில்லை அது.

அடுத்த நாள் நான் பயந்து பயந்துதான் போனேன். பிள்ளைகள் எனக்கு முதலே வந்திருந்தார்கள். மரம் பிடுங்கிய இடங்களில் நான்கு குழி இருந்தது. ஒருத்தி சிரட்டையால் வாவித் தண்ணீர் கொண்டுவந்து ஒரு குழிக்குள் ஊற்றினாள். ஒருவன் இன்னொரு குழிக்குள் இடுப்புவரை இறங்கி நின்று எண்ணிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் குழிக்குக் குழி ஓடினார்கள். யார் எதற்காக ஓடுகிறார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டீச்சர் ஓட்டோவால் இறங்கி, வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்.

"இது என்ன விளையாட்டு?"

"இன்னும் பேர் வைக்கல்ல" என்று கம்சாயினி ஓடிக்கொண்டே சொன்னாள். அடுத்த சுற்றில் மூச்சு வாங்க நின்று கத்தினாள். "டீச்சர், அதில நிக்க ஏலா! அது கோட்டுக்கு உள்ளுக்கு!"

டீச்சர் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு கோடும் இல்லை. "சரி, சரி" என்று சேலையைத் தூக்கிக்கொண்டு நாலைந்து அடி பின்னுக்குப் போய், "இப்ப சரியா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு மடுவம் என்றால் அந்தக் குழிகள்தான். மழை வந்தால் நனைந்தோம். இடம் கேட்டு வந்தவர்களை டீச்சர் ஏசிக் கலைத்தார். அடுத்த வருடம் வைகாசியில் முழு நாட்டிலும் போர் முடிந்தது என்று வெடி கொளுத்தினார்கள். அன்றும் அவர் வந்து நின்றார். ஆவணியில் அவருக்குக் காய்ச்சல் வந்து, மறுகிழமை எல்லாம் முடிந்துவிட்டது.

நிலம் இன்னும் எங்களுக்கு எழுதித் தரப்படவில்லை. கூரையும் இல்லை. இன்று பின்னேரம் நான் போனேன். விளையாட்டு நடந்தது.